4கே டிவி வாங்கியாச்சு, 4கே படம் வருதா? கடைமடை வரை ஒரு முழு வழிகாட்டி

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் புத்தம் புது 55 அங்குல டிவி. ஓரத்தில் ஒட்டியிருந்த 4கே ஸ்டிக்கரை மச்சான் இன்னும் பிய்க்கவில்லை. "மாப்ள, நீயே வந்து பாரு. இவ்வளவு காசு குடுத்தும் பழைய டிவியே தேவலாம் போல இருக்கு" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். ராத்திரிக் காட்சியில் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிந்தது. முகங்கள் மெழுகுபொம்மை மாதிரி வழுவழுவென்று இருந்தன. கோடிக்கணக்கில் செலவு செய்து எடுத்த படம், மத்தியான சீரியல் போல ஓடியது.

டிவியில் ஒரு கோளாறும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில் சில அமைப்புகளை மாற்றினோம், படம் வேறு படமாகிவிட்டது. அந்த மதியம் செய்ததைத்தான் வரிசையாக இங்கே எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு அக்கா சமையலறையிலிருந்து சொன்ன ஒரு வார்த்தையை முதலில் சொல்லிவிட வேண்டும்: "எனக்கு அந்த வட்டம் சுத்தாம இருந்தாப் போதும்டா. தெளிவெல்லாம் உங்க மச்சானுக்கு."

ஸ்ட்ரீமிங் தொழில் மொத்தமும் அக்காவுக்காகக் கட்டப்பட்டதுதான்.

கூட்டம் எந்தப் பக்கம் போனது

2006இல் ப்ளூரே டிஸ்க் கடைக்கு வந்தது. கூடவே எச்டி டிவிடி என்று ஒரு போட்டியாளர். வீட்டுத் திரையில் துல்லியப் படம் யார் காட்டுவது என்று இரண்டும் முட்டிக்கொண்டன. 2008 பிப்ரவரியில் எச்டி டிவிடி பக்கம் நின்ற தோஷிபா கையைத் தூக்கியது, ப்ளூரே ஜெயித்தது. ஜெயித்தவர் மாலையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கூட்டத்தைக் காணோம். 2005இல் தொடங்கிய யூடியூப், தபால்தலை அளவுக் கட்டத்தில் கலங்கலான வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் அங்கே இருந்தார்கள். டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ், 2007 ஜனவரியில் இணையத்தில் படம் காட்டத் தொடங்கியது. அந்தத் தபால் சேவையையும் 2023 செப்டம்பர் 29ஆம் தேதி மூடிவிட்டது.

நம் ஊரில் கதை இன்னும் வேகம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, டிஸ்க்கைக் கண்ணாலேயே பார்க்காத வீடுகளில்கூட ஓடிடி நுழைந்துவிட்டது. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். அத்தனை பேரும் துல்லியம் கேட்டு வந்தவர்கள் இல்லை. ஆட்டம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கணக்கு

1080பி, அதாவது முழு எச்டி படம் ஒன்றைச் சுருக்காமல் அப்படியே அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 24 ஃபிரேம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 1,194 மெகாபிட். இதே 1080பி படத்தைப் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 5 மெகாபிட். அதாவது 240 குடம் தண்ணீரில் ஒரு குடம்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. மீதி 239 குடத்தைக் கணினி ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ப்ளூரே டிஸ்க்கில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம். 4கே டிஸ்க்கில் மொத்தமாக 128 வரை. ஸ்ட்ரீமிங் 4கேக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15.

எண்ணை மட்டும் வைத்து 15ஐ விட 40 பெரிது என்று தீர்ப்பும் எழுதிவிட முடியாது. சுருக்கும் முறைகள் வளர்ந்திருக்கின்றன. 2003இல் வந்த எச்.264க்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பாதி பிட்டில் 2013இன் எச்இவிசி அதே தரத்தைத் தரும். 2018இன் ஏவி1 இன்னும் சிக்கனம். ஆனாலும் பிட்டுக்குப் பஞ்சம் வந்தால் எல்லா முறையும் ஒரே மாதிரிதான் பதுக்கும். முதலில் பலியாவது இருட்டின் நுண்ணிய படிநிலைகள். அடுத்தது தோலின் நெளிவு, ஃபிலிமின் மணல்மணல் தன்மை. பிறகு மழை, புல்தரை, பறக்கும் காகிதத்துண்டு என்று வேகமாக மாறும் எதுவும். மச்சான் வீட்டு வானம் பட்டையடித்ததும் முகம் மெழுகானதும் இதனால்தான்.

திரையில் எழுதும் '1080பி', '4கே' எல்லாம் கட்டங்களின் எண்ணிக்கை. கட்டத்துக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது பிட்ரேட். கோலத்துக்குப் புள்ளி நிறைய வைத்துவிட்டு மாவு போதாமல் இழுத்தால் எப்படியிருக்கும்? அதுதான் பிட்ரேட் குறைந்த 4கே.

இன்னொன்று. ஓடிடியில் ஒரு படம் ஒரே கோப்பாக இருப்பதில்லை. சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் ஏணிப்படி போல அடுக்கி வைத்திருப்பார்கள். உங்கள் நெட் வேகத்தைப் பார்த்துப் பார்த்து ஆப் ஏணியில் ஏறும், இறங்கும். வட்டம் சுற்றுவதா, தரத்தைக் குறைப்பதா என்று வந்தால் எப்போதும் தரத்தைத்தான் குறைக்கும். சத்தமில்லாமல் குறைக்கும். யாரும் புகார் செய்யப்போவதில்லை என்று அதற்குத் தெரியும்.

அணையில் எவ்வளவு திறந்தாலும் வழியில் எந்த மதகு குறுகலோ, அதன் அளவுதான் கடைமடைக்கு. நம் சோபாதான் கடைமடை. குறுகலான மதகு எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

படி 1: உண்மையில் என்ன வருகிறது என்று பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துகொள்ள வேண்டும். யூடியூபில் இது சுலபம். வீடியோவின் அமைப்புகளில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. கணினியில் வீடியோ மேல் வலது கிளிக் செய்தாலும் வரும். ஓடிக்கொண்டிருக்கும் தரம், கிடைக்கக்கூடிய உச்சத் தரம், நெட் வேகம், தவறவிட்ட ஃபிரேம்கள் என எல்லாம் எண்ணாகவே தெரியும். ஓடுவதும் உச்சமும் வேறு வேறாக இருந்தால் சந்தேகம் நெட் மேல். இரண்டும் ஒன்றாக இருந்து படம் மங்கலென்றால் குற்றம் மூலத்திலோ டிவி அமைப்பிலோ.

கணினியில் நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஓடும் பிட்ரேட் உட்படத் தெரியும். மற்ற ஆப்களில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. அங்கே டிவி ரிமோட்டின் தகவல் பட்டனை நம்பாதீர்கள்: ஆப் 480பி படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தாலும் டிவி '4கே' என்றுதான் காட்டும், ஏனென்றால் டிவிக்குள் நுழையும் சிக்னல் அந்த அளவில்தான் இருக்கிறது.

படி 2: காசு கொடுத்து வாங்கியது எந்தத் தரம்?

மச்சான் வீட்டில் முதல் அடைப்பு இங்கேதான். அவர் எடுத்திருந்த சந்தா 720பியோடு நின்றுவிடும். டிவி 4கே, நெட் ஃபைபர், ஆனால் வாங்கிய சரக்கே 720பி.

ஓடிடிகள் துல்லியத்தைத் தனிச் சரக்காகவே விற்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜூலையில் இந்தியாவுக்கென்று 199 ரூபாயில் மொபைல் திட்டம் கொண்டுவந்தது, தரம் 480பி. 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது மொபைல் 149, அடுத்தது 199, 1080பிக்கு 499, 4கேக்கு 649 என்று வைத்தார்கள். 199க்கும் 499க்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். நம் ஊரில் முழு எச்டிக்கு ஏன் அவ்வளவு பேர் போகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. உங்கள் ஆப்பில் கணக்கு விவரத்துக்குப் போய், திட்டத்தில் எந்தத் தரம் என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ரீசார்ஜோடு இலவசமாக வந்த சந்தா என்றால் கட்டாயம் படியுங்கள். அவற்றில் பல மொபைலுக்கானவை.

திட்டம் சரியாக இருந்தும் ஒரு குழி உண்டு. நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக டேட்டா உபயோக அமைப்பு இருக்கிறது. பிரௌசரில் கணக்குப் பக்கத்துக்குள் போனால்தான் தெரியும். அங்கே 'லோ' என்றிருந்தால் மணிக்கு சுமார் 0.3 ஜிபிக்குள் படத்தை அடக்கிவிடும். 'ஹை' என்றால் எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கேக்கு 7 ஜிபி வரை போகும். எப்போதோ டேட்டா தீர்ந்த கோபத்தில் யாரோ 'லோ' போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

படி 3: கருவிக்கு அனுமதி இருக்கிறதா?

திருட்டுப் பிரதிக்கு அஞ்சி, நம்பாத கருவிக்குத் துல்லியப் படத்தை ஓடிடிகள் அனுப்புவதில்லை. ஆண்ட்ராய்டு உலகில் இந்தக் காவலாளிக்கு வைட்வைன் என்று பெயர். எல்1 என்ற நிலை இருந்தால் எச்டியும் அதற்கு மேலும் கிடைக்கும். எல்3 என்றால் திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெரும்பாலான ஆப்களில் எச்டிக்குக் கீழேயே நின்றுவிடும். மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளிலும் சில டேப்லெட்டுகளிலும் இந்தச் சிக்கலை நிறையப் பார்க்கலாம். பெட்டியில் '4கே, 8கே' என்று கொட்டை எழுத்தில் அடித்திருப்பார்கள், உள்ளே எல்3. போனில் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் அமைப்புகளில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியில் உங்கள் நிலை எழுதியிருக்கும்.

கணினியில் பிரௌசருக்குப் பிரௌசர் உச்சத் தரம் மாறும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரே லேப்டாப், ஒரே சந்தா. ஒரு பிரௌசரில் கிடைக்கும் தரம் இன்னொன்றில் கிடைக்காது.

ஸ்டிக்கையோ பெட்டியையோ டிவியில் செருகியிருந்தால் எச்டிஎம்ஐ துளையையும் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட 4கே படம் கடந்துபோக, வழியில் உள்ள எல்லாக் கருவிக்கும் எச்டிசிபி 2.2 என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு தெரிந்திருக்க வேண்டும். நடுவில் பழைய சவுண்ட்பார் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதுவே கதவைச் சாத்திவிடும். சில டிவிகளில் அந்தத் துளைக்கான உயர்தர சிக்னல் அமைப்பையும் நாமே மெனுவில் திறந்துவிட வேண்டியிருக்கும். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

படி 4: நெட் வேகத்தை டிவிக்குப் பக்கத்தில் அளங்கள்

ரௌட்டர் பக்கத்தில் போனை வைத்து அளந்துவிட்டு "நூறு வருதுப்பா" என்பதில் பயனில்லை. டிவியில் பிரௌசர் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட்.காம் திறந்து அங்கேயே பாருங்கள். இல்லையென்றால் போனை டிவி மேல் வைத்து, அதே வைஃபையில், ராத்திரி ஒன்பது மணிக்கு அளங்கள். காலை ஆறு மணி வேகம் காலண்டரில் போட்ட நல்ல நேரம் மாதிரி, நம் வேலைக்கு உதவாது.

1080பிக்கு நிலையாக 5 மெகாபிட், 4கேக்கு 15. கொஞ்சம் இடம் விட்டு 25 இருந்தால் தாராளம். இதற்கு 300 மெகாபிட் திட்டம் தேவையே இல்லை. வேகத்தைக் கூட்டினால் படம் தெளியும் என்று சொல்லி விற்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஏணியின் மேல்படியில் ஏறிய பிறகு எவ்வளவு வேகம் இருந்தாலும் அதற்கு மேல் படி கிடையாது.

வேகம் பத்தவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் செங்கல் சுவர் இரண்டு தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவர் தாண்டும், ஆனால் அடுக்ககத்தில் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் அத்தனையும் அதே தெருவில்தான் நிற்கும். நல்ல வழி பழைய வழி: ரௌட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் வயர். பல டிவிகளில் அந்தத் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது, போகவும் வேண்டாம்.

படி 5: டிவியின் ஒப்பனையைக் கலையுங்கள்

என் அனுபவத்தில் அதிக மாற்றம் தெரிவது இங்கேதான், செலவும் கிடையாது. கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நூறு டிவிகளுக்கு நடுவில் கண்ணை இழுக்க வேண்டும் என்பதற்காக டிவிகளுக்கு ஒரு கல்யாண மேக்கப் போட்டிருப்பார்கள். 'விவிட்', 'டைனமிக்' என்று பெயர். வீட்டுக்கு வந்த பிறகும் அதே மேக்கப்போடு இருக்கிறது.

'சினிமா', 'மூவி', அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று இருப்பதற்கு மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் படம் மஞ்சளடித்தது போல், சோர்ந்தது போல் தெரியும். மச்சானும் "என்ன மாப்ள, காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றார். கண் பழகும்வரை பொறுங்கள். பிறகு பழைய மோடுக்குத் திரும்பினால் அது நீலம் பாய்ந்து தெரியும்.

அடுத்தது அசைவை வழுக்கலாக்கும் அமைப்பு. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு. 'மோஷன்' என்ற சொல் அதில் இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவில் டிவியே புது ஃபிரேம்களை இட்டுக்கட்டிச் சேர்க்கும். சினிமா சீரியலாவது இதனால்தான். 2018 டிசம்பரில் டாம் குரூஸ் ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். படப்பிடிப்புக்கு நடுவில் இதற்காக அவர் கேமரா முன் நின்றார் என்றால் வலி எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். சினிமாவுக்கு அணையுங்கள், கிரிக்கெட்டுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

'ஷார்ப்னெஸ்' கூட்டினால் தெளிவு கூடாது. விளிம்புகளுக்கு வெள்ளைக் கரை கட்டும், சுருக்கத்தால் வந்த அழுக்கையும் சேர்த்துப் பெரிதாக்கும். மிகக் குறைவாக வையுங்கள். வெளிச்சத்துக்கேற்பத் தானே மங்கும் மின்சிக்கன அமைப்பை, இருட்டான படம் பார்க்கும்போது மட்டுமாவது நிறுத்துங்கள்.

இருட்டு என்றதும் 2019 ஏப்ரல் ஞாபகம் வருகிறது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் ராத்திரிப் போர் அத்தியாயம் வெளியானபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகமே கத்தியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், மக்களுக்கு டிவியைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பதில் சொன்னார். என்னைக் கேட்டால் பாதிதான் நியாயம். இருட்டும் புகையும் சேர்ந்த படத்தைக் குறைந்த பிட்டில் அமுக்கி அனுப்பினால் எந்த அமைப்பும் அதை மீட்காது. இல்லாததை டிவி எங்கிருந்து கொண்டுவரும்?

படி 6: சோபாவை அளந்து பாருங்கள்

இஞ்ச் டேப் எடுங்கள். நல்ல பார்வை உள்ளவருக்கு, திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் தள்ளி உட்கார்ந்தாலே 1080பியின் புள்ளிகள் கண்ணில் கரைந்துவிடும். 4கேக்கு இது ஒன்றரை மடங்குதான். 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். 1080பிக்கும் 4கேக்கும் புள்ளி வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஏழு அடிக்குள் உட்கார வேண்டும். 43 அங்குல டிவி வைத்து, பத்தடி தள்ளிச் சோபா போட்டிருந்தால் 720பிக்கும் 1080பிக்குமே வித்தியாசம் பிடிபடாது.

மச்சான் ஒரு மாதம் 4கே திட்டத்துக்கு மாறிப் பார்த்தார். அவர் வீட்டில் சோபா சுவரோரம், பதினோரு அடி. மாதக் கடைசியில் ஒரு படி இறங்கி 1080பியில் நின்றுகொண்டார். சரியான முடிவு என்பேன். ஆனால் பட்டையடிப்பதும் கட்டம் கட்டமாக உடைவதும் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும், அது பிட்ரேட் விவகாரம். வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் விரிவாகக் காட்டும் எச்டிஆரின் பலனும் அப்படித்தான். எச்டிஆரை நன்றாகக் காட்டும் டிவி இருந்து, உங்கள் ஆப் அதை 4கே திட்டத்தில் மட்டும் தந்தால், பத்தடியிலும் அந்தக் காசுக்குப் பலன் தெரியலாம்.

போனில் பார்ப்பவர்களுக்கு

சுருக்கமாக: நொடிக்கு 3 மெகாபிட் என்றால் மணிக்கு 1.35 ஜிபி. தினசரி 1.5 ஜிபி பேக் ஒரு மணி நேர 720பிக்குச் சரி. ஆறங்குலத் திரைக்கு அதற்கு மேல் தேவையில்லை. யூடியூப் அமைப்புகளில் வைஃபைக்கு ஒரு தரம், மொபைல் டேட்டாவுக்கு ஒரு தரம் என்று தனித்தனியாக வைக்கலாம், வைத்துவிடுங்கள்.

நேரலை கிரிக்கெட் தனி ரகம்

மேலே சொன்ன அத்தனையும் சரியாக இருந்தும் ஆட்டம் மட்டும் கலங்கலாக இருந்தால் மனதைத் தளரவிட வேண்டாம். சினிமாவைச் சுருக்க அவர்களுக்கு மணிக்கணக்கில் நேரம் உண்டு. நேரலையில் பந்து போடப்போடச் சுருக்கியாக வேண்டும். அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும் கேமரா, கீழே முழுக்கப் புல்தரை. சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கொடுமையான பாடம் கிடையாது. கோடிக்கணக்கில் கூட்டம் சேரும்போது நெட்வொர்க்கே திணறும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மொபைல் நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் காட்டுவதில்லை என்று இந்தியாவில் முக்கிய ஓடிடிகள் சேர்ந்து ஏப்ரல் 14 வரை ஒத்துக்கொண்டன. துல்லியத்தைத்தான் முதலில் கைவிட்டார்கள், சேவையை அல்ல.

ஆட்டத்துக்கு மட்டும் டிடிஎச்சிலோ கேபிளிலோ எச்டி சேனல் வைத்துக்கொள்வது என் வழக்கம். படம் நிலையாக இருக்கும். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டில் "அவுட்டு!" என்று கத்திய பிறகு நம் திரையில் பவுலர் ஓடிவரத் தொடங்கும் அவமானம் இருக்காது.

இத்தனையும் போதாது என்பவர்களுக்கு டிஸ்க்

திரும்பத் திரும்பப் பார்க்கும் பத்துப் படங்கள், நல்ல திரை, இருட்டாக்கக்கூடிய அறை, இவை மூன்றும் இருந்தால் டிஸ்க்குக்கு நிகர் இன்னும் இல்லை. ஆனால் கடை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒப்போ 2018இல் ப்ளூரே பிளேயர் தொழிலை விட்டது. சாம்சங் 2019இல் அமெரிக்காவில் புது மாடல் இல்லை என்றது. தமிழ்ப் படங்கள் டிஸ்க்கில் வருவது அபூர்வம் என்பதால், இந்தச் செலவு வெளிநாட்டுப் படப் பிரியர்களுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும்.

வாங்குவதென்றால் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ப்ளூரேயில் மண்டலப் பூட்டு உண்டு. இந்தியா சி மண்டலம், அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. அங்கிருந்து உறவுக்காரர் வாங்கிவரும் டிஸ்க் இங்கே உள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டு கிடையாது, எந்த ஊரில் வாங்கினாலும் ஓடும்.